காத்தாடி மழையை நிறுத்துமா: சுல்தான்பேட்டைக்குக் கிழக்கே ஒரு சனிக்கிழமை

போன மாதம் எழுதிய ஆழியாறு குறிப்புக்குக் கீழே ஒரு வாசகர் கேட்டிருந்தார்: "ஐயா, குடும்பத்தோடு காற்றாலை பார்க்கப் போகிறோம். அது மழையை நிறுத்துகிறது என்கிறார்களே, உண்மையா பொய்யா? ஒரே வரியில் சொல்லவும்."

ஒரே வரியில் சொல்ல முடியாது. ஒரு காலத்தில் ஒரே வரியில் சொல்லிக்கொண்டு திரிந்தவன் நான்தான். நாற்பத்து மூன்று பேரிடம் கையெழுத்தும் வாங்கினேன். அந்த வரி என்ன ஆனது என்பதுதான் இந்தக் கட்டுரை. அவசரக்காரர்களுக்கு வழியும் தூரமும் நடுவில் இருக்கின்றன, பொறுக்கிக்கொள்ளலாம்.

தொண்ணூறுகளின் நடுவில் ஓர் ஆவணி மாதம். எனக்கு ஐம்பத்திரண்டு வயது. கிணத்துக்கடவுக்குக் கிழக்கே நாலு கிலோமீட்டரில் எங்கள் தோட்டம். மழை பொய்த்துப் பொய்த்துத் தென்னைகளில் மட்டை தொங்கிவிட்டது. சரியாக அந்த வருஷங்களில்தான் கிழக்கே வெள்ளை வெள்ளையாகக் காத்தாடிகள் முளைத்தன. றெக்கை சுற்றி மேகத்தைக் கலைக்கிறது என்று ஊரெல்லாம் பேச்சு. வெறும் பேச்சை நம்புகிறவன் அல்ல நான். எட்டாவதோடு பள்ளிக்கூடம் நின்றாலும் எதையும் எழுதிவைத்துப் பார்க்கிற பழக்கம் உண்டு. பல்லடத்துக்குத் தினமும் தேங்காய் ஏற்றிப் போகிற வேன்காரர் எங்கள் வாசலில் நிறுத்தி, "ஏனுங்க, இன்னைக்குக் காத்தாடி அத்தனையும் நின்னுபோச்சுங்க. நின்ன நேரத்துக்கு மழையான மழை!" என்பார். தேதி போட்டு எழுதினேன். பதினொரு தடவை. காத்தாடி நின்றால் மழை பெய்கிறது. ஆகவே காத்தாடி சுற்றுவதால்தான் மழை இல்லை. வேளாண்மை படித்த ஒருவரிடம் அந்த நோட்டைக் கொண்டுபோய்க் காட்டினேன். பிரித்துக்கூடப் பார்க்காமல் சிரித்தார். அந்தச் சிரிப்பை இன்றுவரை நான் மன்னிக்கவில்லை. நான் எழுதியது தப்பாகவே இருக்கட்டும், பிரித்துப் பார்த்துவிட்டுச் சிரித்திருக்கலாம்.

இதில் என் தம்பி சென்னியப்பன் வந்து மாட்டினான். அவனுடைய போர்வெல் வற்றிவிட்டது. பாறைக்காடாகக் கிடந்த ஒன்றரை ஏக்கரை ஒரு காற்றாலைக் கம்பெனிக்குக் கொடுத்துவிட்டு, அந்தப் பணத்தை வைத்து மீதித் தென்னையைக் காப்பாற்றலாம் என்று பேசி முடித்திருந்தான். எங்கள் ஊருக்குள் காத்தாடி வரக்கூடாது என்று நான் மனு எழுதினேன். திங்கட்கிழமை மனு நாளில் கலெக்டர் ஆபீசில் கொடுப்பதாக ஏற்பாடு. கொடுத்தால் கம்பெனிக்காரர்கள் தகராறு பிடித்த ஊர் என்று வேறு பக்கம் போய்விடுவார்கள், தம்பியின் தோப்பும் போய்விடும். அது எனக்குத் தெரியும். தெரிந்துதான் எழுதினேன்.

அதற்கு முன்பே ஆடியில் இன்னொன்றும் செய்திருந்தேன். மழை இல்லாத வருஷம் எங்கள் பக்கத்தில் கொடும்பாவி கட்டி இழுப்பார்கள். யாரோ ஒரு பாவியால்தான் வானம் பொய்த்தது என்று வைக்கோலில் ஓர் உருவம் செய்து, தெருத்தெருவாக இழுத்துப் போய், பெண்கள் மாரடித்து அழுது, கடைசியில் சுடுகாட்டில் கொளுத்துவது வழக்கம். அந்த வருஷம் கொடும்பாவியின் தோளில் மூன்று தென்னம்பாளைகளைக் காத்தாடி றெக்கை மாதிரி கட்டச் சொன்னவன் நான். ஊரே ரசித்தது. தம்பி வீட்டு வாசலில் கொஞ்ச நேரம் கூடுதலாகவே நிறுத்தி அழுதார்கள். அன்றிலிருந்து அவன் என்னோடு பேசவில்லை.

மனுவோடு வைக்க இன்னும் பலமான ஆதாரம் வேண்டும் என்றுதான் அந்தச் சனிக்கிழமை கிளம்பினேன். காலை ஐந்து நாற்பதுக்கு மொப்பெட்டை எடுத்தேன். பெட்ரோல் இரண்டு லிட்டர், நாற்பத்தைந்து ரூபாய். வடசித்தூர் ஆறு கிலோமீட்டர், அங்கிருந்து செஞ்சேரிமலை பதின்மூன்று. வடசித்தூரைத் தாண்டியதும் தென்னை மெலிந்து, சோளக்காடும் பனையும் வெட்டவெளியுமாக மாறுகிறது. ஆவணிக் காற்று முதுகில் கை வைத்துத் தள்ளியது. பாதிப் பெட்ரோலைத்தான் நான் போட்டேன், மீதியைப் பாலக்காட்டுக் கணவாய் போட்டது. செஞ்சேரிமலை அடிவாரத்தில் டீயும் இரண்டு போண்டாவும் மூன்றரை ரூபாய். மலைமேல் முருகனுக்குக் கீழேயிருந்தே ஒரு கும்பிடு. சுல்தான்பேட்டை இன்னும் ஏழு. அதற்கும் கிழக்கே ஒன்பது கிலோமீட்டரில் முதல் காத்தாடி. பழைய மீட்டர், கூடக்குறைய இருக்கலாம்.

எதிரியைப் பார்க்கப் போனவன் வண்டியை ஓரங்கட்டிவிட்டு வாயைப் பிளந்து நின்றேன். எழுதக் கூச்சமாகத்தான் இருக்கிறது. முறத்தில் தானியம் புடைக்கிற மாதிரி ஒரே சீரான சத்தம். றெக்கையின் நிழல் நிலக்கடலைச் சால்களின் மேல் ஒவ்வொன்றாகத் தாண்டித் தாண்டிப் போனது. அந்த நிழலுக்குள்ளேயே நாலு வெள்ளாடுகள் தலை தூக்காமல் மேய்ந்தன. மனிதன் செய்ததில் இவ்வளவு பெரியதும் இவ்வளவு அடக்கமானதுமான ஒன்றை அதற்கு முன் நான் பார்த்ததில்லை.

கடலைக்காட்டில் களை எடுத்துக்கொண்டிருந்த ஓர் அம்மாள் நிமிர்ந்தார். பெயர் வேலாத்தாள் என்று பிறகு தெரிந்தது. காத்தாடி நிற்கிற இடம் அவர் விற்றது. சுற்றியிருக்கிற காடு இன்னும் அவருடையது.

"ஏனுங்ணா, யாரைப் பார்க்கோணும்?"

"யாரையும் இல்லைங்க அம்மணி. இது மழையை நிறுத்துதான்னு பார்க்க வந்தேன்."

"பாருங்க, பாருங்க. உங்க ஊர்ல காத்தாடி இருக்குதுங்களா?"

"இல்லீங்க."

"மழை?"

"அதுவும் இல்லீங்க."

"எங்களுக்காச்சும் மழை இல்லாட்டி வேடிக்கை பார்க்கக் காத்தாடி இருக்குதுங்க. உங்க பாடு அதுவுமில்லை!"

நான் விடுகிறவனா? "ஐப்பசி மழை கிழக்கே இருந்துதானுங்க வருது. உங்களைத் தாண்டித்தான் எங்களுக்கு. இங்கயே கலைச்சுப்போட்டா நாங்க எங்க போறது?"

அவர் களைக்கொத்தியைக் கீழே வைத்தார். "அது எனக்குத் தெரியாதுங்க. எங்கப்பன் காலத்துலயே இது வானம் பார்த்த பூமிதான். அப்பவும் இதே காத்து, இதே வறட்சி. காத்து இருக்கற எடமாப் பார்த்துத்தானுங்க இவங்க வந்தாங்க. மழை கொட்டற ஊர்ல போயி இதைய நடுவாங்களா? உள்ளே பாய் இருக்காரு, அவரைக் கேளுங்க. எனக்குக் களை கிடக்குது."

கோபுரத்தின் அடியில் ஓர் இரும்புக் கதவு. கதவில் மஞ்சள் தடவிய எலுமிச்சம்பழம் தொங்கியது. உள்ளேயிருந்து கிரீஸ் கையோடு வந்தவர் காதர் பாய். கோவை கணபதியில் பட்டறை, மாதம் இருமுறை இங்கே வந்து கியர்பாக்ஸ் பார்க்கிறவர். எலுமிச்சம்பழத்தை நான் பார்ப்பதைப் பார்த்து, "பழம் காஞ்சா அம்மணி மாத்துவாங்க, ஆயில் காஞ்சா நான் மாத்துவேன். ரெண்டு பேரும் இதுவரைக்கும் சண்டை போட்டதில்லீங்ணா" என்றார்.

அவரிடம் நோட்டை நீட்டினேன். கையைத் துணியில் துடைத்துவிட்டு வாங்கினார். பதினொரு பக்கத்தையும் படித்தார். அதற்காகவே அவரை நான் மறக்க மாட்டேன். பிறகு உள்ளே போய்க் காத்தாடியின் பதிவேட்டைக் கொண்டுவந்தார். எப்போது நின்றது, ஏன் நின்றது என்று நேரத்தோடு எழுதிவைக்கிற புத்தகம். கோபுரத்து நிழலில் உட்கார்ந்து இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தோம். நிழல் நகர நகர நாங்களும் நகர்ந்தோம்.

"உங்க பதினொண்ணும் இதுல இருக்குங்ணா. ஒண்ணுகூடப் பொய்யில்லை" என்றார். எனக்கு மார்பு நிமிர்ந்தது. "ஆனா ஒன்பதுக்கு நேரா 'லைன் இல்லை'ன்னு எழுதியிருக்குது பாருங்க. மழைக்கு முன்னாடி இடி, சூறைக்காத்து. எங்கயாச்சும் கரண்டுக் கம்பி அறுந்து லைன் போயிரும். லைன் போனா இது தானா நின்னுக்கும். காத்தாடி நின்னதால மழை வரலீங்ணா. மழை வந்ததாலதான் காத்தாடி நின்னுது."

"மீதி ரெண்டு?"

"அன்னைக்குக் காத்து உழுந்துபோச்சு. காத்து ஏன் உழுந்துது, மழை ஏன் அன்னைக்கே வந்துது, அது எனக்குத் தெரியலீங்ணா. ஸ்பேனருக்கு எட்டாத கேள்வி."

அவர் சொன்னார் என்பதற்காக நான் ஒத்துக்கொள்ளவில்லை. பதிவேட்டை முதல் பக்கத்திலிருந்து நானே புரட்டினேன். நின்ற நாள், நின்ற நாள், நின்ற நாள். சுற்று வட்டாரத்தில் மழையே இல்லாத பங்குனியில், சித்திரையில். அறுபதைத் தாண்டியதும் எண்ணுவதை விட்டேன். "வேன்காரர் இதையெல்லாம் என்கிட்டச் சொல்லவே இல்லையே?" என்றேன்.

"நின்னுச்சு, பெய்யலைன்னு யாருங்ணா வண்டிய நிறுத்திச் சொல்லுவாங்க?"

மதியம் இரண்டு ஐம்பதுக்கு லைன் போனது. றெக்கைகள் ஒவ்வொன்றாக மெதுவாகி நின்றன. மேற்கே மேகம் கறுத்து எங்கள் தலைக்கு மேலேயே வந்து நின்றது. நான் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு எழுந்து நின்றேன். வேலாத்தாள் காட்டிலிருந்து குரல் கொடுத்தார்: "ஏனுங்ணா, நின்னுபோச்சு! ஓடிப்போயி நனையுங்க!" மழையும் பெய்யட்டும், நானும் ஜெயிக்கட்டும் என்றுதான் இருந்தது. ஒரு மணி பத்து நிமிஷம். ஒரு பொட்டு விழவில்லை. மேகம் அப்படியே கிழக்கே நகர்ந்துவிட்டது. நோட்டை எடுத்துப் பன்னிரண்டாவதாக எழுதினேன்: "நின்றது. பெய்யவில்லை."

அந்தக் காத்திருப்பில்தான் காதர் பாயிடம் கேட்டேன், மழைக்கு உங்கள் ஆட்கள் என்ன செய்வீர்கள் என்று. வெட்டவெளி மைதானத்துக்குப் போய்த் தொழுவோம், தோளில் போட்ட துணியைத் திருப்பிப் போட்டுக்கொள்வோம் என்றார்.

"வந்துதா?"

"வரலீங்ணா. மறுபடியும் போனோம்."

"யாரு பாவத்தால வரலையாம்?"

"அதைய நாங்க கேக்கலீங்களே. எங்க தப்பைப் பொறுத்துக்கோன்னு எங்களுதைத்தான் சொல்லிக்கிட்டோம்." அவர் என்னை ஒன்றும் குத்திக் காட்டவில்லை. கொடும்பாவி விஷயம் அவருக்குத் தெரியவே தெரியாது.

நாலே காலுக்குத் திரும்பினேன். காலையில் தள்ளிய அதே காற்று இப்போது நெஞ்சில் கை வைத்து நிறுத்தியது. வழியெல்லாம் யோசித்தேன். எங்கள் வழக்கத்தை நான் குறை சொல்ல மாட்டேன், யார் சொன்னாலும் கேட்கவும் மாட்டேன். கொடும்பாவிக்குப் பெரியவர்கள் பெயர் வைத்ததில்லை. கண்ணும் மூக்கும் எழுதினாலும் அது எவர் முகமும் இல்லை. பாவி இன்னார் என்று தெரியாமலே ஊர் மொத்தமும் அழுதுவிட்டு வீட்டுக்குப் போகும். அதில் ஒரு நிதானம் இருக்கிறது. மூன்று பாளையைக் கட்டி அதற்கு முகவரி எழுதியவன் நான்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் தம்பி வீட்டுக்குப் போனேன். மாட்டுக் கட்டுத்தரைச் சுவரில் பாதி எரிந்த பாளை ஒன்று சாத்தி வைத்திருந்தது. சுடுகாட்டிலிருந்து அவன் எடுத்துவந்து வைத்திருக்கிறான். தம்பி மனைவி தண்ணீர் கொடுத்தாள். அவன் மாட்டைப் பார்த்துக்கொண்டே நின்றான்.

"நாளைக்கு மனுவைக் கொடுக்கலடா."

அவன் மாட்டுக்கு வைக்கோலை உதறிப் போட்டான்.

"கையெழுத்துப் போட்டவங்க ஊட்டுக்கெல்லாம் போயிச் சொல்லிப்போடறேன்."

"என்னன்னு? காத்தாடி மழையை நிறுத்தாதுன்னா?"

"அப்படிச் சொல்ல மாட்டேன். நோட்டுல நான் எழுதினது ஆதாரம் இல்லைன்னு சொல்லுவேன். நிறுத்துமா நிறுத்தாதான்னு கேட்டா, தெரியலைன்னு சொல்லுவேன்."

அவன் திரும்பினான். "தெரியலையா? இந்த வார்த்தையை உங்க வாயில கேக்கறதுக்கு எனக்கு நாப்பத்தஞ்சு வருசம் ஆயிருக்குதுங்ணா."

"அந்தப் பாளையைக் கட்டினது தப்பு" என்றேன். தம்பி மனைவிதான் பாளையை எடுத்துக்கொண்டுபோய் வெந்நீர் அடுப்பில் செருகினாள்.

நாற்பத்து மூன்று வீடு, ஆறு நாள். தம்பிக்காகப் பல்டி அடித்துவிட்டேன் என்று பாதிப் பேர் முகத்துக்கு நேராகச் சொன்னார்கள். இன்றும் சொல்கிறார்கள். சொல்லட்டும்.

இப்போது போகிறவர்களுக்கு: ஆனியிலிருந்து ஆவணி வரை போங்கள், காற்று இருக்கும். காலையில் கிழக்கே, மாலையில் மேற்கே என்று வைத்தால் திரும்பும்போது எதிர்காற்று. மொப்பெட்காரர்கள் அரை லிட்டர் கூடுதலாகப் போட்டுக்கொள்ளவும். காட்டுக்காரர்களைக் கேட்காமல் கடலைச்சாலில் கால் வைக்காதீர்கள். ஒரு நோட்டு கொண்டுபோங்கள். நடந்ததை எழுதுங்கள், அதோடு நடக்காததையும் எழுதுங்கள். ஐப்பசி மழைக்கும் காத்தாடிக்கும் என்ன உறவு என்று அதற்குப் பிறகு நான் நிறையப் படித்தேன். இல்லை என்பவர்களும் உண்டு, கொஞ்சம் இருக்கலாம் என்பவர்களும் உண்டு. நான் சரிபார்த்தது அந்தப் பதினொரு நாளை மட்டும்தான்.

தம்பி காட்டில் கம்பெனிக்காரர்கள் ஓர் உயரமான கம்பம் நட்டு ஒரு வருஷம் காற்றை அளந்தார்கள். போதவில்லை என்று கம்பத்தைப் பிடுங்கிக்கொண்டு போய்விட்டார்கள். மறு வருஷ மழையில் அவனுடைய தென்னையில் பாதி தப்பியது, பாதி போனது. பட்ட மரங்களை வெட்டிய அன்று நானும் கூட நின்றேன். கடைசி மரம் விழுந்ததும் அவன் சொன்னான்:

"நீங்க மட்டும் அந்த மனுவைக் கொடுத்திருந்தீங்கன்னா, இத்தனை மரமும் உங்களாலதான் போச்சுன்னு சாகற வரைக்கும் நம்பியிருப்பேனுங்ணா."