நாடா வீடுருவும் வழி

ஒரு கோடு இன்னொரு கோட்டைச் சரியாகத் தொடுகிறதா என்று பார்க்க, நான் படத்தை எட்டு மடங்கு பெரிதாக்குவேன். தொட்டிருக்கும். மனசு ஆறாது. பதினாறு மடங்காக்குவேன். அங்கேயும் தொட்டிருக்கும். பின்னால் வந்து நிற்கும் முதலாளி, "ஏம்மா, மழை வந்தா ஒழுகுமான்னு பாக்கறியா?" என்பார். சிரித்துவிட்டு, அவர் நகர்ந்ததும் முப்பத்திரண்டு மடங்காக்குவேன்.

சூரமங்கலத்தில், ஜங்ஷனுக்குப் போகிற சாலையில், ஒரு மெடிக்கல் ஷாப்புக்கு மேலே இருக்கிறது நான் வேலை பார்க்கும் டி.டி.பி. கடை. கல்லூரி ஆய்வேடுகள், செய்முறைப் புத்தகங்கள், இடையிடையே கல்யாணப் பத்திரிகை. எழுத்தை அடிப்பது முதலாளி. படம் வரைவது நான். பக்கங்களை அடுக்கித் தருவது ஒரு பெரிய மென்பொருள். அதற்குள் போய் உட்காரும் படங்களை வரைய வேறொரு சின்ன மென்பொருள் வைத்திருக்கிறோம். இடது ஓரத்தில் கோடு, பெட்டி, வட்டம், வளைவு, அம்பு, எழுத்து. அவ்வளவுதான். பொத்தான்களில் படம்தான் இருக்கும், இங்கிலீஷ் இருக்காது. எனக்கு அது தோதாகிவிட்டது.

ஒன்பதாம் வகுப்பு அரையாண்டோடு பள்ளிக்கூடத்திலிருந்து நின்றவள் நான். யாரும் நிறுத்தவில்லை. ஜாமெட்ரி இருக்கிற நாளெல்லாம் வயிறு வலிக்கும். கரும்பலகைக்குக் கூப்பிட்டு வட்டம் போடச் சொல்லிவிடுவார்களோ என்று காலையிலிருந்தே கை வேர்க்கும். வயிற்றுவலி வாரத்துக்கு இரண்டு நாள், மூன்று நாள் என்று வளர்ந்து, பிறகு பள்ளிக்கூடமே வயிற்றுவலியாகிவிட்டது. வட்டத்துக்குப் பயந்து ஓடியவள் இன்று வட்டம் போட்டுச் சாப்பிடுகிறேன். இதை நினைத்தால் சிரிப்பு வர வேண்டும். எனக்குப் பயம்தான் வருகிறது. எப்போதோ ஒருநாள் யாராவது வந்து, இவளுக்கு வட்டம் தெரியாது என்று சொல்லிவிடுவார்கள் என்று.

அந்தச் சின்ன மென்பொருளுக்கு ஒரு குறை. தமிழ் தெரியாது. 'பாவு' என்று அடித்தால் திரையில் நான்கு காலிப் பெட்டிகள் வந்து நிற்கும். பக்கம் அடுக்கும் மென்பொருளுக்குள் போன பிறகுதான் அவை எழுத்தாகும். ஆனால் ஒரு வசதியும் உண்டு. படத்தைச் சேமித்தால் அது வெறும் எழுத்துக் கோப்பாக இருக்கும். கோடு எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று வரிவரியாக எண்கள். நடுவே நாம் அடித்த சொல் அப்படியே இருக்கும். ஐம்பது படத்தில் ஒரு சொல்லை மாற்ற வேண்டுமானால் ஒவ்வொன்றாகத் திறக்க வேண்டியதில்லை. தேடு, மாற்று என்று ஒரே தட்டு. இந்த வித்தையை நானாகக் கண்டுபிடித்தேன் என்பதில் எனக்குக் கொஞ்சம் கர்வம் இருந்தது. அதுதான் என்னைக் கவிழ்த்தது.

பள்ளிபாளையத்திலிருந்து ஒரு தறி மாஸ்டர் வந்தார். விசைத்தறிக் கூடங்களில் முப்பது வருஷம் ஃபிட்டராக இருந்தவர். இப்போது புதிதாகத் தறி பழக வருகிறவர்களுக்கு ஒரு பயிற்சி நிலையத்தில் சொல்லிக்கொடுக்கிறார். அவர்களுக்காக ஒரு செய்முறைப் புத்தகம் எழுதியிருந்தார். நீளமான நோட்டில் எழுத்து, பக்கத்துக்குப் பக்கம் பேனாவால் படம். மொத்தம் நாற்பத்தியொரு படம். புது அணி சேருகிற அன்றைக்கு ஆளுக்கொரு புத்தகம் கையில் இருக்க வேண்டும் என்பது அவர் ஆசை. ஆசை என்று சாதாரணமாகச் சொல்கிறேன். நோட்டை என் மேசைமேல் வைத்துவிட்டு, அதன் மேலிருந்து கையை எடுக்க அவருக்குக் கொஞ்ச நேரம் ஆனது.

"எழுத்துல எங்கூர்ப் பேச்சு கலந்திருக்குமுங்க சாமி. படிக்கிறவங்க சிரிக்காத மாதிரி, நல்ல தமிழா மாத்திப் போட்டுருங்க" என்றார்.

அந்த வார்த்தை எனக்குள் நேராகப் போய்த் தைத்தது. நான் நாமக்கல் பக்கம். எங்களுக்கும் வீடு என்றால் ஊடுதான். வேலைக்குச் சேர்ந்த முதல் மாதம் ஒரு கல்யாணப் பத்திரிகையில் 'மணமகள் ஊட்டார் அழைப்பு' என்று அடித்துவிட்டேன். அச்சுக்குப் போகும் முன் முதலாளி பிடித்துவிட்டார். ஆனால் ஒரு வாரம் வரை, "ஊட்டாரம்மா, டீ வந்திருக்கு" என்றே கூப்பிட்டார். இன்றும் கேலி வந்தால் எப்போதாவது அதுதான் அவர் வாயில் வரும். அன்றிலிருந்து ஊ என்ற எழுத்தைக் கண்டாலே என் முதுகு நிமிர்ந்துவிடும்.

மாஸ்டரின் முதல் படம் வீட்டோடு சேர்ந்த தறிக்கூடத்தின் வரைபடம். ஒரு பெட்டி, அதன்மேல் 'ஊடு'. பக்கத்தில் வட்டம், 'கெணறு'. பின்னால் நீளப் பெட்டி, 'தறிக்கூடம்'. நான் பார்த்தபடியே அடித்துக்கொண்டு போனேன். படம் வரையும்போது எழுத்தைத்தான் பார்ப்பேன், பொருளைப் பார்க்க மாட்டேன். பேச்சுச் சொற்களையெல்லாம் கடைசியில் ஒரே தட்டில் மாற்றிக்கொள்ளலாம் என்று எண்ணம். நாற்பத்தியொரு படமும் முடிந்ததும் மாற்றினேன். கெணறு, கிணறு ஆனது. ஊடு, வீடு ஆனது.

மாற்றிய பிறகு பல படங்களில் சொற்கள் கோட்டில் இடித்தன. மூன்று பெட்டி இருந்த இடங்களில் நான்கு பெட்டி நின்றது. ஏன் இத்தனை இடத்தில் இடிக்கிறது என்று நான் கேட்டுக்கொள்ளவில்லை. ஒரு பகல் முழுக்க உட்கார்ந்து, ஒவ்வொன்றையும் கோட்டிலிருந்து ஒரு மயிரிழை தள்ளி வைத்தேன். அழகாக வைத்தேன்.

மாஸ்டர் வந்து அச்சுப் பிரதியை எடுத்துப் போனார். இரண்டு நாள் கழித்து, "எல்லாம் நல்லாருக்குதுங்க" என்று சொல்லி, கோப்புகளைப் பென் டிரைவில் வாங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். அவர் ஊரிலேயே தெரிந்த அச்சகமாம், அங்கே கொடுத்துவிடுவாராம்.

மறுநாள் மத்தியானம், அந்தப் புத்தகத்தை அச்செடுத்தபோது கெட்டுப்போன ஒரு தாளை விரித்து அதன்மேல் சாப்பாட்டு டப்பாவை வைத்தேன். புளிசாதத்தில் கை வைக்கப் போகும்போது டப்பாவுக்குப் பக்கத்தில் ஒரு வரி தெரிந்தது.

நாடா வீடுருவும் வழி.

டப்பாவை நகர்த்தினேன். தறியின் படம். நூல் கண்டைச் சுமந்து ஓடும் நாடா, நீளவாக்கில் இழுத்துக் கட்டிய பாவு நூல்களுக்கு நடுவே குறுக்கே போகும் பாதைக்கு ஓர் அம்பு. மாஸ்டர் எழுதியது 'நாடா ஊடுருவும் வழி'. அதற்குள் இருந்த ஊடுவையும் என் தட்டு மாற்றியிருக்கிறது. கீழே இன்னோர் அம்பு: 'வீடு'. அது வீடே இல்லை. பாவுக்குக் குறுக்கே ஓடும் நூல். எங்கள் பக்கத்துத் தறிக்காரர்கள் அதை ஊடை என்பார்கள். மாஸ்டர் ஊடு என்று எழுதியிருந்தார். ஊடும் பாவும். இதை நான் கேள்விப்படாதவளும் இல்லை. நாற்பத்தியொரு படத்தில் எத்தனை ஊடு இருந்ததோ, அத்தனையும் வீடு. ஒரு தறியில் வீடு நுழைகிறது, வீடு அறுந்தால் தறி நிற்கிறது, வீடு நூல் தீர்ந்தால் மாற்ற வேண்டும்.

மாஸ்டருக்குப் போன் போட்டேன். எடுக்கவில்லை. ஆறு தடவை போட்டேன். தறி ஓடுகிற இடத்தில் போன் மணி எங்கே கேட்கும். அச்சகம் எது என்றும் நான் கேட்டு வைத்துக்கொள்ளவில்லை. முதலாளியிடம் தலைவலி என்று சொல்லி இறங்கிவிட்டேன். அது பொய்யும் இல்லை.

ஈரோடு பஸ்ஸில் ஜன்னலோர இடம் கிடைத்தும் உட்கார முடியவில்லை. உட்கார்ந்தேன், எழுந்தேன், மறுபடி உட்கார்ந்தேன். பக்கத்திலிருந்த அம்மா, "ஏனுங்க, எறங்கற எடம் வந்துருச்சுங்களா?" என்று கேட்டார். இல்லை என்றேன். சங்ககிரி வரும் முன் இன்னும் இரண்டு தடவை கேட்டார். அச்சகத்தில் இந்நேரம் பிளேட் போட்டிருப்பார்கள். மெஷினில் ஏற்றியிருப்பார்கள். புது அணியில் ஒரு பையனோ பெண்ணோ முதல் நாளே கையைத் தூக்கி, "மாஸ்டர், வீடு எங்க இருக்குது?" என்று கேட்பார்கள். முப்பது வருஷம் தறியைக் கழற்றி மாட்டிய மனிதர் பதில் தெரியாமல் நிற்பார். இப்படியே ஓடியது. மடியில் எண்ணெய்க் கறை படிந்த அந்தத் தாளை நாலாக மடித்து, பிரித்து, மடித்து, மடிப்பே கிழிந்துவிட்டது.

பள்ளிபாளையத்தில் இறங்கி, பயிற்சி நிலையத்தை விசாரித்துப் போனேன். தகரக் கூரை, உள்ளே பத்துத் தறிகள் ஒரே நேரத்தில் அடிக்கின்றன. மாஸ்டர் ஒன்றின் அடியில் குனிந்திருந்தார். நான் பேசுவது எனக்கே கேட்கவில்லை. தாளை நீட்டி, அந்தச் சொல்லை விரலால் குத்திக் காட்டினேன். அவர் பார்த்தார், என் முகத்தைப் பார்த்தார், வெளியே வரச் சொல்லிக் கை காட்டினார்.

வேப்பமரத்தடிக்கு வந்ததும் சொன்னேன். "தப்புங்க மாஸ்டர். எல்லாப் படத்துலயும் தப்பு. ஊடுன்னு நீங்க எழுதுனதையெல்லாம் வீடுன்னு மாத்திட்டனுங்க."

அவர் தாளை மறுபடி பார்த்தார். "இது தப்புங்களா?"

"நீங்க பாக்கலீங்களா?"

"பாத்தனுங்க. ரெண்டு நாள் பாத்தேன். உள்ள எழுத்துல ஊடுன்னு இருந்துச்சு, படத்துல வீடுன்னு இருந்துச்சு." அவர் குரல் இறங்கியது. "நாம குடியிருக்கறது பேச்சுல ஊடு, எழுத்துல வீடுதானுங்களே. அதே மாதிரி தறி ஊடுக்கும் நல்ல தமிழ் வீடுதான் போலிருக்குதுன்னு நெனச்சுட்டேன். நாடா வந்து வந்து போற எடம், வீடுன்னா பொருந்தித்தான இருக்குதுன்னு கூடத் தோணுச்சு. படிச்ச புள்ள போட்டிருக்குது, அதப் போயி எப்படிக் கேக்கறதுன்னு உட்டுட்டேன்."

படிச்ச புள்ள.

"நான் ஒம்பதாவதுகூட முடிக்கலீங்க மாஸ்டர்" என்றேன். எங்கள் கடையில் பதினோரு வருஷமாக யாரிடமும் நான் சொல்லாதது அது.

அவர் தாளை என் கையில் திருப்பிக் கொடுத்தார். "நான் ஆறாவது. அப்பவும் நீங்கதான் பெரிய படிப்பு" என்றார். பிறகு மொபெட்டை உதைத்துக் கிளப்பி, "ஏறுங்க, அச்சகத்துக்குப் போலாம்" என்றார்.

அச்சகத்தில் ஒரு காதணி விழாப் பத்திரிகை ஓடிக்கொண்டிருந்தது. மாஸ்டரின் பென் டிரைவ் மேசையில், சுருட்டி வைத்த கொசுவத்திப் பாக்கெட்டின் மேல் கிடந்தது. "உங்குளுது நாளைக்குத்தானுங்க" என்றார் அச்சகக்காரர். எனக்கு அப்போதுதான் பசித்தது.

மறுநாள் காலை முதல் பஸ்ஸில் மாஸ்டர் சூரமங்கலம் வந்துவிட்டார். என் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்தார். ஒரே தட்டு வேலை வேண்டாம் என்று நான் முடிவு செய்திருந்தேன். ஒவ்வொரு படமாகத் திறப்பது, அவர் நோட்டைப் பார்த்து ஒவ்வோர் அம்புக்கும் பெயர் சொல்வது, நான் அடிப்பது. "இன்னைக்கு நான் ஒண்ணும் யோசிக்க மாட்டனுங்க. நீங்க சொல்றதத்தான் அடிப்பேன்" என்றேன்.

"அப்ப சரி. மொதப் படம். இது ஊடு. இது கெணறு, அது சரியா இருக்குது. பின்னால தறிக்கூடம். அடுத்துப் போங்க" என்றார். அடுத்தது பாவு கோத்த அச்சு, அடுத்தது நாடாப் பெட்டி. பாவு, ஊடு. பாவு, ஊடு. மூச்சுவிடுவதுபோல அவர் சொல்லிக்கொண்டே போனார். நடுவில் முதலாளி எட்டிப் பார்த்து, என்ன நடக்கிறது என்று கேட்டார். மாஸ்டர், "சும்மா ஒரு சரிபார்ப்புங்க. எனக்குத்தான் ஒரு சந்தேகம்" என்றார். என் பெயரை எடுக்கவில்லை. நான் படத்தைப் பதினாறு மடங்காக்கி, நான்கு பெட்டி மூன்றானதால் கோட்டுக்கும் சொல்லுக்கும் நடுவே விழுந்த இடைவெளியைச் சரிசெய்துகொண்டிருந்தேன். முகத்தைத் திரையிலேயே வைத்துக்கொள்ள அது உதவியது.

புது அணி சேருவதற்கு முந்தின நாள் புத்தகம் வந்துவிட்டது. எனக்கும் ஒன்று அனுப்பியிருந்தார், அது கைக்கு வருவதற்குள் அங்கே வகுப்பு தொடங்கி நாலு நாள் ஆகியிருந்தது. உடனே திறக்கவில்லை. டப்பா, தண்ணீர் பாட்டில், கர்சீப் எல்லாவற்றையும் மேசையில் ஒழுங்காக வைத்த பிறகு, பின்பக்கத்திலிருந்து திறந்தேன். நாற்பத்தியொன்றில் ஊடு. நாற்பதில் ஊடு. 'நாடா ஊடுருவும் வழி' நேராக, கோட்டைத் தொடாமல் நின்றது. ஒவ்வொன்றாகப் பின்னோக்கி வந்து முதல் படத்துக்கு வந்தேன்.

பெட்டி. பக்கத்தில் கிணறு. பின்னால் தறிக்கூடம். பெட்டிக்கு மேலே பெரிய எழுத்தில், 'ஊடு'.

அவர் சொன்னார், நான் அடித்தேன்.

போன் போட்டேன். சாப்பாட்டு நேரம், முதல் மணியிலேயே எடுத்துவிட்டார். "மாஸ்டர், மொதப் படத்துல..."

"பாத்தனுங்க சாமி. வகுப்புல ஒரு பொண்ணு கேட்டுச்சு, கெணத்துப் பக்கத்துல எதுக்குங்க ஊடு நூலுன்னு."

"அய்யோ. என்னங்க சொன்னீங்க?"

"இது நாம குடியிருக்கற ஊடு, அடுத்த பக்கத்துலருந்து தறி ஊடுன்னேன். ரெண்டும் மறக்காதுங்கன்னு சிரிச்சுட்டு உக்காந்துருச்சு."

"அது வீடுன்னு இருக்கணுமுங்க."

"அது ஊடுதானுங்களே" என்றார்.

நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அந்தப் பக்கம் தறிகள் ஓடத் தொடங்கிவிட்டன. "என்னங்க, என்னங்க" என்று இரண்டு தடவை கத்திவிட்டு வைத்துவிட்டார்.

அடுத்த பதிப்பு என்று ஒன்று வருமா, வந்தால் எங்களிடம் வருமா, தெரியாது. ஆனாலும் முதல் படத்தின் கோப்பைத் திறந்தேன். எண்களுக்கு நடுவே அந்த ஒரு சொல். அதன்மேல் கர்சரை வைத்தேன். மாற்றவுமில்லை, மூடவுமில்லை. முதலாளி, "ஊட்டாரம்மா, டீ வந்திருக்கு" என்று கூப்பிடும்வரை அது அங்கேயே துடித்துக்கொண்டிருந்தது.