லிப்ட் கதவில் ரமணி ஒட்டிய நோட்டீஸ்

பிரிக்பீல்ட்ஸில் ஒரு அடுக்குமாடிக் குடியிருப்பின் நிர்வாக அலுவலகத்தில் ரமணிக்கு வேலை. தண்ணீர் வராது, கொசுமருந்து அடிப்பார்கள், பூனைக்குச் சோறு வைக்காதீர்கள் என்று ஆங்கிலத்தில் நோட்டீஸ் எழுதி ஒட்டுவதெல்லாம் அவள்தான். ஈமெயிலில் கம்பீரமாக ஒரு சொற்றொடர் கண்ணில் பட்டால் விடமாட்டாள். அடுத்த நோட்டீஸில் ஏற்றிவிடுவாள்.

ஒரு செவ்வாய்க்கிழமை லிப்ட் நின்றுபோனது. வியாழக்கிழமைக்குள் சரியாகிவிடும் என்றார் மெக்கானிக். 'ஃபார் த ஃபோர்சீயபிள் ஃப்யூச்சர்' லிப்ட் ஓடாது என்று எழுதி ஒட்டினாள் ரமணி. கண்ணுக்குத் தெரிகிற எதிர்காலம் என்றால் கிட்டத்தில் இருப்பதுதானே? ஆக, இரண்டு நாள். அவள் அப்படித்தான் நினைத்தாள்.

பதினோராம் மாடி சாத்தப்பன் வங்கியில் இருந்து ஓய்வுபெற்றவர், முழங்கால் வலிக்காரர். நோட்டீஸை நிதானமாகப் படித்தார். படியேறிப் போய் மனைவி நாச்சம்மையிடம், "பெட்டியக் கட்டு" என்றார். இருவரும் மாடிக்கு மாடி உட்கார்ந்து உட்கார்ந்து இறங்கி, கிள்ளானில் இருக்கும் மகள் உமா வீட்டுக்குப் போய்விட்டார்கள்.

சனிக்கிழமை அவரே ரமணிக்குப் போன் செய்தார்.

"ஏம்மா, நாங்க கிள்ளான்ல மக வீட்ல இருக்கோம். லிப்ட் பத்தி ஏதாச்சும் தகவல் உண்டா?"

"வியாழக்கிழமையே ஓட ஆரம்பிச்சிருச்சே அங்கிள். நீங்க ஏன் கிள்ளானுக்குப் போனீங்க?"

"நீதானம்மா எழுதி ஒட்டினே?"

"ரெண்டு நாள்னுதானே போட்டேன்!"

"அது ரெண்டு நாள் இல்லம்மா. இப்போதைக்கு ஓடாது, எப்ப ஓடும்னு சொல்றதுக்கும் இல்லேன்னு அர்த்தம்."

ரமணி அகராதியைப் பார்த்தாள். அவர் சொன்னதுதான் சரி. தீபாவளி விடுமுறைக்கு அலுவலகத்தை மூடியபோதும் அதையே எழுதியது நினைவுக்கு வந்தது. அப்போது யாரும் அலுவலகத்தைத் தேடவில்லை.

மறுநாள் வடை வாங்கிக்கொண்டு, மன்னிப்புக் கேட்க, ரயிலேறிக் கிள்ளானுக்குப் போனாள். சாத்தப்பன் கோபப்படவில்லை. "நாளைக்கே வந்துடறோம்" என்றார்.

"நீங்க போங்க. நான் வரல லா" என்றாள் நாச்சம்மை. "அங்க துணி காயப்போட இடமில்ல, பேச ஆளில்ல. இங்க வாசல்ல முருங்கை நிக்குது. ரமணி, நீ எழுதினதுல ஒரு தப்பும் இல்லம்மா."

உமா தேநீரை வைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள். ரமணி குடித்து முடித்து ரயிலுக்குக் கிளம்பினாள்.

சாத்தப்பன் தனியாகத் திரும்பி வந்தார். தினமும் கடையில் வாழையிலைச் சாப்பாடு, வயிறு ஒத்துழைக்கவில்லை. இதற்கிடையே விருந்தாளிகள் கார் நிறுத்துமிடத்தைத் தோண்டிய கான்ட்ராக்டர் பாதியில் காணாமல் போனார். ரமணி யோசித்து, பழைய சொற்றொடரையே எழுதி ஒட்டினாள். இம்முறை அர்த்தம் சரியாக இருந்தது. வந்தவர்கள் சாலையில் நிறுத்தி, போலீஸிடம் அபராதச் சம்மன் வாங்கினார்கள்.

மாதம் முடிவதற்குள் சாத்தப்பன் வீட்டை வாடகைக்கு விட்டார். சாவியைக் கொடுக்க அலுவலகத்துக்கு வந்த அவருடைய ரைஸ் குக்கரை ரமணிதான் உமாவின் கார் வரைக்கும் தூக்கிப் போனாள். அவர் முன்சீட்டைப் பின்னால் தள்ளி, காலை நீட்டி உட்கார்ந்தார்.

"கிள்ளான்ல மத்தியானம் அவ மீன்குழம்பு வைக்கிறாளாம்" என்றார். உமா காரை எடுத்தாள்.