தோள் ஸ்கேனுக்கு ஒரு லிட்டர் தண்ணீர்

போன வாரம் தாம்பரத்தில் ஒரு ஸ்கேன் சென்டர். பக்கத்து நாற்காலியில் என் அம்மா... பல்லைக் கடித்துக்கொண்டு நெளிகிறார்.

"தோள் அவ்ளோ வலிக்குதாம்மா?"

"தோளு கெடக்குது. எப்போடி கூப்புடுவாங்கோ? முட்டிக்கினு கீது!"

விசாரித்தால் — வீட்டிலேயே ஒரு லிட்டர் தண்ணீர் குடித்துவிட்டு வந்திருக்கிறார். எங்கள் தெருப் பெண்களுக்குத் தெரிந்த ஸ்கேன், பிள்ளை உண்டானால் எடுப்பதுதானே? அதற்கு இதுதான் சட்டம்!

"தோளுக்கு எதுக்கும்மா தண்ணி? போய்ட்டு வா."

"சும்மா இருடி. படம் கலங்கலா வந்துடும்."

எங்கள் குடும்பத்தில் முதலில் பள்ளிக்கூடம் போனவள் நான். முதல் டிகிரியும் என்னுடையதுதான். என்ன பிரயோஜனம்? ரிசப்ஷன் பெண் வந்து, "ஆன்ட்டி, தோளுக்குத் தண்ணியே வேணாம்" என்ற பிறகுதான் எழுந்தார். அந்த ஓட்டத்தைப் பார்க்க வேண்டுமே!

சேலையூரில் அம்மாவுக்கு இஸ்திரி வண்டி. கரி போட்ட இஸ்திரிப் பெட்டியைத் தள்ளித் தள்ளி வலது தோள் போயிற்று. தலைக்கு மேல் கை போகாது. எக்ஸ்ரேயில் எலும்பு சரியாக இருந்தது. அவ்வளவுதான் — "ஒண்ணும் இல்லியாம்" என்று மறுநாளே தேய்க்க இரண்டு மூட்டை துணி வாங்கி வைத்தார். தசைநார் எக்ஸ்ரேயில் தெரியாது, ஸ்கேன் எடுங்கள் என்று டாக்டர் சொன்னதும் முகம் சுருங்கிவிட்டது.

"ஆபரேஷன்னு சொல்லிட்டா வண்டிய யாருடி பாக்கறது?"

உள்ளே, தோளில் ஜெல் தடவி, "கைய மெதுவா தூக்குங்கம்மா" என்றார் ஸ்கேன் டாக்டர். பாதியிலேயே கை நின்றது.

"வலிக்குதா?"

"இல்ல சார்."

"நீங்க இல்லங்கறீங்க... இங்க தசைநார் கிழிஞ்சிருக்கேம்மா."

அம்மா திரையையே பார்த்தார். பிறகு, நான் கேட்டேயிராத ஒரு சின்னக் குரலில், "அறுக்கணுமா சார்?"

"கொஞ்சம்தான் கிழிஞ்சிருக்கு. உங்க டாக்டர் சொல்லுவார்."

சொன்னார். இப்போதைக்கு ஆபரேஷன் வேண்டாம், உடற்பயிற்சி போதும். ஆனால், இஸ்திரிப் பெட்டியைத் தொடவே கூடாது!

இத்தனை வருடமாகத் துணி டெலிவரி மட்டும் செய்துவந்த அப்பா, இப்போது பெட்டி பிடிக்கிறார். அம்மா ஸ்டூலில் உட்கார்ந்து, "காலர் மடியுது, பாரு!" என்று அதட்டுகிறார். யாராவது, "இன்னாக்கா, நீ தேய்க்கலியா?" என்றால் போதும், ஸ்கேன் படம் வெளியே வந்துவிடும்.

"தோ பாரு, கிழிஞ்சிக்கீது. டாக்டரே பாத்தாரு."

யோசித்துப் பாருங்கள். எனக்கு லீவு வேண்டுமென்றால் ஆபீசுக்கு ஒரு மெயில். தலைவலி என்றால் நம்பிவிடுவார்கள். அம்மா தனக்குத்தானே லீவு கொடுக்க, தோளுக்குள்ளிருந்து சாட்சி வர வேண்டியிருந்தது.

அப்பா தேய்த்த சட்டையில்தான் இன்று ஆபீஸ் போனேன். மடிப்பைப் பற்றி யாரும் கேட்காதீர்கள்!