பின்னால் போன ஆட்டுக்கல்

என் சித்தியின் கல்யாணச் சீரிலேயே கனமான பொருள் ஆட்டுக்கல்தான். பீரோவையும் கட்டிலையும் இரண்டு பேர் தூக்கிவிட்டார்கள். ஆட்டுக்கல்லுக்கு நான்கு பேர் வேண்டியிருந்தது.

சித்தி என் அம்மாவுக்குக் கடைசித் தங்கை. சேலத்தில் கணக்கு வாத்தியாராக இருந்தவருக்கு அவளைக் கட்டிக்கொடுத்து ஒரு வாரம் ஆகியிருந்தது. சித்தப்பா வந்து அழைத்துப்போகும் நாளிலேயே சீரும் போய்ச் சேர வேண்டும் என்று பேச்சு. லாரி பிடித்து மரியாதையாக அனுப்புங்கள் என்று அவருடைய அம்மா சொல்லி அனுப்பியிருந்தார். பெரிய மாமாதான் கேட்கவில்லை. "எதுக்குங்க லாரி? என்ர ஜீப்புல கொண்டாந்து எறக்கிப்போடறேன்" என்று சொல்லிவிட்டார்.

மாமா எங்கள் மலையில் ஒரு காப்பி எஸ்டேட்டில் மெக்கானிக். எஸ்டேட்டுக்காரர்கள் கழித்துப்போட்ட பழைய ஜீப் ஒன்றை வாங்கி வைத்திருந்தார். அதன் பின்னால் மாட்டி இழுக்க, சித்தியின் கல்யாணத்தைச் சாக்காக வைத்து ஒரு டிரெய்லர் செய்தார். இரண்டு சக்கரம், ஒரு அச்சு, மேலே பலகைப் பெட்டி, முன்னால் ஜீப்பின் கொக்கியில் மாட்டுகிற நீளமான இரும்புச் சட்டம். அந்தச் சட்டத்தின் நுனியை மாமா மூக்கு என்பார்.

அச்சை எங்கே வைப்பது என்று பார்ப்பதற்கு அவருக்குக் கிடைத்த பாரம் நான். அப்போது எனக்கு ஒன்பது வயது, பரீட்சை லீவு. என்னை டிரெய்லரின் முன்பக்கம் உட்கார வைத்து மூக்கைத் தூக்கிப் பார்ப்பார். பிறகு பின்னால் நகரச் சொல்வார். முதலில் அச்சை நட்டநடுவில் வைத்திருந்தார். நான் பின்னால் நகர்ந்ததும் மூக்கு விருட்டென்று மேலே எழும்ப, நான் சறுக்கிக்கொண்டு போய்ப் புல்லில் விழுந்தேன். எனக்கு அது நல்ல விளையாட்டாக இருந்தது. மாமா சிரிக்கவில்லை. போல்ட்டுகளையெல்லாம் கழற்றி, அச்சை ஒரு சாண் பின்னால் தள்ளி வைத்து மறுபடி முடுக்கினார். "மூக்கு கொஞ்சம் கனமா இருக்கோணும் கண்ணு. இல்லாட்டி எறக்கத்துல வாலாட்டும்" என்றார்.

புறப்படும் நாள் காலையில் மாமா நின்று பார்த்து ஏற்றினார். ஆட்டுக்கல் அச்சுக்கு முன்னால், பலகையோடு ஒட்டி. அதன் பின்னால் பீரோ, கட்டில், அண்டா, காப்பிக்கொட்டை மூட்டை. ஏற்றி முடித்ததும் ஜீப்பின் பின்பக்கம் கொஞ்சம் தாழ்ந்து உட்கார்ந்தது. மாமாவுக்குத் திருப்தி. மேலே தார்ப்பாயைக் கட்டிவிட்டு, பெட்ரோல் வாங்க கேனை எடுத்துக்கொண்டு எஸ்டேட் ஆபீசுக்குப் போனார்.

அந்த நேரத்தில் சித்தப்பா டிரெய்லரைச் சுற்றி வந்தார். வெள்ளை வேட்டி, மடிப்புக் கலையாத சட்டை. தாழ்ந்திருந்த ஜீப்பைக் குனிந்து பார்த்துவிட்டு, "இவ்வளவு பாரமும் ஜீப் மேலயே அழுத்துதே? கல்லைப் பின்னால தள்ளுனா ஜீப்புக்கு லேசா இருக்குமே" என்றார். அவருடைய கணக்கு அப்படி. மாப்பிள்ளை வாய் திறந்து சொன்ன பிறகு யார் மறுப்பது? கூட நின்ற நான்கு ஆட்கள் பின்கதவைத் திறந்து, சாமான்களை விலக்கி, கல்லை உருட்டிப் பின்கதவோரம் வைத்து மூடினார்கள். ஜீப்பின் பின்பக்கம் மெல்ல எழுந்தது. இப்போது எல்லாம் மட்டமாக, பார்க்க லட்சணமாக இருந்தது. "வாத்தியாருன்னா சும்மாவா" என்று அப்பாகூடச் சொன்னார்.

நான் சித்தியிடம் ஓடினேன். "சித்தி, கல்லு அங்க இருக்கக் கூடாது. மாமா சொல்லுச்சு."

சித்தி என் கையைப் பிடித்துக்கொண்டாள். அவளுடைய விரல்கள் ஈரமாக இருந்தன. "சும்மா இரு சாமி. அவரு செஞ்சதை நாம தப்புன்னு சொல்லலாமா?"

மாமா திரும்பி வந்தார். பெட்ரோல் ஊற்றினார். தார்ப்பாய்க் கயிற்றை ஒருமுறை இழுத்துப் பார்த்தார். ஜீப்பின் பின்பக்கத்தைப் பார்த்து ஒரு நிமிஷம் நின்றதாகத்தான் எனக்கு நினைவு. மத்தியானச் சாப்பாட்டுக்கு அங்கே காத்திருப்பார்கள் என்று சித்தப்பா அவசரப்படுத்தினார்.

"கண்ணு, எல்லாம் நல்லா இருக்குதா?" என்று மாமா என்னைக் கேட்டார்.

சித்தியின் விரல்கள் இறுகின. "இருக்குதுங்க மாமா" என்றேன்.

ஜீப்பில் நாங்கள் நாலு பேர். முன்னால் மாமாவும் சித்தப்பாவும், பின்னால் சித்தியும் துணைக்குப் போகிற நானும். ஏற்காடு வரைக்கும் ஏற்றமும் இறக்கமுமாக இருந்த பாதையில் ஜீப் மெதுவாகத்தான் போனது. ஒன்றும் தெரியவில்லை. ஒருவேளை வாத்தியார் சொன்னதுதான் சரியோ என்றுகூட நினைத்தேன். மலை இறங்கத் தொடங்கியபோதுதான் அந்தச் சத்தம் கேட்டது. கொக்கியில் 'டக்'கென்று ஒரு தட்டல். கொஞ்ச நேரம் கழித்து இன்னொன்று.

மூன்றாவது வளைவு தாண்டி நேராக இருந்த இறக்கத்தில் டிரெய்லர் ஆட ஆரம்பித்தது. முதலில் லேசாக, அப்புறம் அகலமாக. அது ஒரு பக்கம் போகும்போது ஜீப்பின் பின்பக்கம் மறுபக்கம் போயிற்று. மாமா பிரேக்கைத் தொட்டார், ஆட்டம் கூடியது. காலை எடுத்துவிட்டு கியரைக் குறைத்தார். எஞ்சின் அலறி, ஆட்டம் அடங்கியது. மாமாவின் பின்கழுத்தில் வியர்வை இறங்குவதைப் பார்த்தேன். சொல்லிவிட வேண்டும் என்று வாயைத் திறப்பேன். சித்தப்பாவின் தலை முன்னால் தெரியும். அடுத்த வளைவில் சொல்லலாம் என்று மூடிக்கொள்வேன். அப்படியே நாலைந்து வளைவுகள் போயின.

கீழேயிருந்து பஸ் ஒன்று ஏறி வந்தது. அதற்கு வழிவிட மாமா ஓரம் ஒதுங்கியபோது டிரெய்லர் மறுபடி ஆடியது. இந்தத் தடவை அடங்கவில்லை. பள்ளத்துப் பக்கம் இருந்த கைப்பிடிச் சுவரில் மோதி, அதைத் தேய்த்துக்கொண்டு நின்றது. தார்ப்பாய்க்குள் பீரோக் கண்ணாடி உடைகிற சத்தம் கேட்டது. சித்தி என்னை மடியில் அமுக்கிக்கொண்டு ஜெபம் சொன்னாள். சுவருக்கு அந்தப் பக்கம் மரங்களின் உச்சிதான் தெரிந்தது.

மாமா இறங்கிச் சக்கரங்களுக்குக் கல் வைத்தார். டிரெய்லருக்கு அடியில் படுத்து அச்சைத் தடவித் தடவிப் பார்த்தார். வெளியே வந்தபோது முகம் வெளுத்திருந்தது. "எங்கயோ என்ர வேலைதானுங்க தப்பிப்போச்சு, மாப்ள" என்றார். "அச்சு நவுந்த மாதிரித் தெரியல. ஆனா வேற என்னன்னும் புரியல. அடுத்த பஸ்ஸுல நீங்க மூணு பேரும் போயிருங்க. நான் மெதுவா உருட்டிக்கிட்டு அடிவாரம் வந்தர்றேன்."

தனியாக அந்த டிரெய்லரோடு மாமா இறங்கப் போகிறார் என்பது எனக்குப் புரிந்தது. சித்தியின் கையை உதறிவிட்டு, "மாமா, கல்லு பின்னால இருக்குது!" என்று கத்தினேன்.

மாமா பின்கதவைத் திறந்து பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். நான் சித்தப்பாவைப் பார்த்தேன். மாமாவும் அவரைப் பார்த்தார். சித்தப்பா தன் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார். யார் வைத்தது என்று சொல்ல நான் வாயெடுப்பதற்குள் மாமா முந்திக்கொண்டார்.

"அட, என்ர புத்தியப் பாருங்க. நானே அவசரத்துல மாத்தி ஏத்திட்டனாட்ட இருக்குது."

எனக்கு அழுகை வந்துவிட்டது. ஒரு வாரமாக மாய்ந்து மாய்ந்து செய்த வண்டி, அதன் மேல் பழியை அவரே போட்டுக்கொள்கிறார். "பொய்யி" என்றேன். சித்தி என் தொடையில் கிள்ளினாள்.

கல்லை முன்னால் கொண்டுவர அங்கே நாலு ஆள் இல்லை. பீரோவையும் கட்டிலையும் சாலையில் இறக்கி வைத்துவிட்டு, கடப்பாரையை நெம்புகோலாகக் கொடுத்து மாமாவும் சித்தப்பாவும் ஆட்டுக்கல்லை அங்குலம் அங்குலமாக உருட்டினார்கள். சித்தப்பாவின் விரல் நசுங்கி நகத்தில் ரத்தம் கட்டியது. வெள்ளை வேட்டி முழுக்கக் கிரீஸ். கையை உதறிவிட்டு மறுபடி கடப்பாரையைப் பிடித்தார். கல் பழைய இடத்துக்கு வந்ததும் ஜீப்பின் பின்பக்கம் தாழ்ந்து உட்கார்ந்தது. சித்தப்பா அதைக் குனிந்து பார்த்தார்.

"அது இப்படி அழுத்தத்தான் வேணுமுங்களா?" என்று மெல்லக் கேட்டார்.

"ஆமாங்க. கொஞ்சம் அழுத்துனாத்தான் ஜீப்பு பின்னாடியே ஒழுங்கா வரும். தூக்குச்சுன்னா அதும்பாட்டுக்கு ஆடும்" என்றார் மாமா.

மிச்ச வளைவுகளில் கொக்கி ஒருமுறைகூடத் தட்டவில்லை. ஆனாலும் அடிவாரம் வரும்வரை நான் கண்ணைத் திறக்கவில்லை.

சேலத்து வீட்டில் போய் நின்றபோது பொழுது சாயத் தொடங்கியிருந்தது. சித்தப்பாவின் அம்மா வாசலுக்கு வந்தார். அவருடைய கண் முதலில் மகனின் வேட்டிக்கும், அப்புறம் உடைந்த கண்ணாடிக்கும், கடைசியில் மாமாவின் டிரெய்லருக்கும் போனது. சித்தி தலை நிமிரவில்லை.

"லாரி புடிக்கச் சொன்னனே. வழியில மக்கர் பண்ணிருச்சாக்கும்?"

மாமா பதில் சொல்ல வாயைத் திறந்தார். சித்தப்பா முந்திக்கொண்டார். "வண்டி நல்லாத்தாம்மா வந்துச்சு. மலையில ஒரு மரம் விழுந்து கெடந்துச்சு. வண்டிய ஒடிச்சுத் திருப்புனதுல கண்ணாடி போயிருச்சு. வெட்டித் தள்ளறவரைக்கும் நிக்கவேண்டியதாப்போச்சு."

நான் திகைத்துப்போய் மாமாவைப் பார்த்தேன். மாமா தரையைப் பார்த்துக்கொண்டு, "ஆமாங்க. நொம்பப் பெரிய மரமுங்க" என்றார்.

மாமியார் இன்னும் நம்பாமல் சித்தியைப் பார்த்தார். அதுவரை தலைகுனிந்து நின்ற சித்தி நிமிர்ந்தாள். சித்தப்பாவை ஒரு தடவை பார்த்தாள்.

"சில்வர் ஓக்குங்க அத்தை" என்றாள்.

அந்த வீட்டில் அவள் பேசிய முதல் வார்த்தை அதுதான். சொல்லிவிட்டுச் சேலைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டாள். அவள் தோள் குலுங்கியது. அழுகிறாள் என்று நினைத்துப் பக்கத்தில் போய்ப் பார்த்தேன், சிரித்துக்கொண்டிருந்தாள். மரமே விழாத சாலையில் மூன்று பெரியவர்கள் ஒரே மரத்தை எப்படிப் பார்த்தார்கள் என்பதும், அத்தனை பெரிய பொய்யைச் சொல்லிவிட்டு எல்லாரும் ஏன் திடீரென்று அவ்வளவு சந்தோஷமாகச் சாப்பிட உட்கார்ந்தார்கள் என்பதும் எனக்கு விளங்கவே இல்லை. நான் மட்டும் கோபத்தில், அன்று சாப்பிட மாட்டேன் என்று சொல்லிவிட்டேன்.