பஞ்சவர்ணம் அடிக்காத மணி

"எனக்கு முன்னுக்கு இருபத்தியாறு பேரு. நீங்க எனக்குப் பொறகு." இதைச் சொல்லிவிட்டுத்தான் பஞ்சவர்ணம் குடையை மடக்கினார். எந்த வரிசையில் சேர்ந்தாலும் அவருக்கு முதல் வேலை அதுதான். விரலை நீட்டமாட்டார். மோவாயை மட்டும் மெல்ல அசைத்து முன்னால் நிற்கிற தலைகளை எண்ணுவார். எண்ணி முடித்ததும் பின்னால் வருகிறவரிடம் தொகையைச் சொல்லி வைப்பார். அந்த ஞாயிற்றுக்கிழமை பின்னால் வந்தவன் நான்.

கொடகவெலைக்கு மேலே உள்ள தேயிலைத் தோட்டமொன்றில் கொழுந்து பறிக்கிற பெண். ஐம்பத்திரண்டு வயது. மெலிந்த உடம்பு, பெரிய குரல். இரண்டாயிரத்து இருபத்திரண்டில் மண்ணெண்ணெய்க்கு ஊரே வரிசையில் கிடந்தபோது, ஒரு பால்பொயின்ட் பேனையுடன் நடந்து ஒவ்வொருவர் உள்ளங்கையிலும் இலக்கம் எழுதியவர் இவர். யாரும் கேட்டுக்கொள்ளவில்லை, யாரும் மறுக்கவுமில்லை. ஒரு பொலிஸ்காரர்கூடக் கையை நீட்டி நூற்றிப்பதினாலு வாங்கிக்கொண்டார்.

நான் ஒரு சின்னத் தபால் கந்தோரில் கவுண்டருக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கிறவன். ஒருமுறை எனக்குத் தெரிந்த கடைக்காரர் ஒருவரின் கடிதத்தைப் பக்கக் கதவால் வாங்கிப் பதிந்துவிட்டேன். பஞ்சவர்ணம் கம்பிக்குள் முகத்தை வைத்துக் கேட்டார்: "ஏங்க, அந்தக் கதவு எங்களுக்கும் தொறக்குமா, இல்ல சப்பாத்துப் போட்டவங்களுக்கு மட்டுந்தானா?" அன்றோடு அந்தக் கதவைப் பூட்டிவிட்டேன். அவரைக் கண்டால் எனக்குக் கொஞ்சம் பயம், நிறைய மரியாதை.

அன்றைய வரிசை மஹ்ரூப் முதலாளியின் ஹார்ட்வெயார் கடை வாசலில். கடைக்கு இருபத்தைந்து வயதாகிவிட்டதாம். அதைக் கொண்டாட முதலாளி கொழும்பிலிருந்து ஒரு பழைய வீடியோ கேம் பெட்டியை லொறியில் ஏற்றி வந்திருந்தார். எண்பதுகளில் புறக்கோட்டையில் பொடியனாக நின்று அவர் ஆடிய ஆட்டமாம். சாமான் வாங்குகிறவருக்கு ஒரு ஆட்டம். பெட்டிக்கு மேலே மூன்று மொழியிலும் ஒரே அறிவித்தல்: மலை உச்சியில் உள்ள மணியை அடிப்பவருக்கு ஐந்நூறு லீட்டர் தண்ணீர் டேங்க் இலவசம். டேங்க் பக்கத்திலேயே சிவப்பு ரிப்பன் கட்டி நின்றது. பஞ்சவர்ணம் கால் கிலோ ஆணி வாங்கியிருந்தார். அவர் வீட்டில் அடிப்பதற்கு எதுவும் இல்லை.

டேங்க் ஏன் வேண்டும் என்பதை அவரிடம் கேட்க வேண்டியதில்லை; தானாகவே சொல்வார். அவர் குடியிருக்கும் லயத்தில் ஒரே கூரைக்குக் கீழ் பன்னிரண்டு வீடு, எல்லாவற்றுக்கும் ஒரே குழாய். தண்ணீர் வருவது காலை பத்து மணிக்கு, அதுவும் முக்கால் மணி நேரம். "பத்து மணிக்கு நாங்க எங்கிருக்கோம்? மலையில. வீட்ல இருக்கிற கெழடு ரெண்டு வாளி புடிக்கும். மிச்சமெல்லாம் சாக்கடக் கான்ல ஓடுது. நாலு மணிக்கு வந்து குழாயத் தொறந்தா காத்து வருது." சொல்லச் சொல்ல அவர் குரல் ஏறியது. வரிசை நகர்ந்து டேங்க் கைக்கு எட்டியதும் விரல் முட்டியால் அதை ஒரு தட்டுத் தட்டிக் காதைக் கொடுத்தார். "நல்ல கனதி" என்றார்.

ஆட்டத்தில் சிவப்புத் தொப்பி போட்ட ஒரு குட்டி மனிதன். அவனுக்கு எதிரே படிப்படியாக ஏழு தட்டு மலை, தட்டு நிறையச் செடி, செடியில் மினுங்கும் காய். மேலிருந்து கல் உருளும், குருவி பாயும், குளவி வரும். ஏதாவது ஒன்று தொட்டால் போதும், ஆள் குப்புற விழுவான். அதோடு சரி. எங்களுக்கு முன்னால் நின்றவர்களில் பெரும்பாலானோர் பத்து விநாடி தாக்குப்பிடிக்கவில்லை. ஓடினார்கள், பாய்ந்தார்கள், செத்தார்கள், சிரித்துக்கொண்டு ஒதுங்கி நின்று அடுத்தவன் சாவதைப் பார்த்தார்கள். ஒருவரும் இரண்டாம் தட்டைத் தாண்டவில்லை.

பஞ்சவர்ணம் அப்படி ஆடவில்லை. கைப்பிடியைப் பிடிக்குமுன் உள்ளங்கையைச் சேலையில் துடைத்தார். மலையில் கொழுந்து பறிக்கிறவருக்கு நெரை என்று ஒன்று உண்டு. அவருக்கென்று கொடுத்த செடி வரிசை. அதை முடிக்காமல் அடுத்ததில் கால் வைப்பது அங்கே மானக்கேடு. பஞ்சவர்ணம் குட்டி மனிதனை முதல் தட்டின் இடது ஓரத்தில் கொண்டுபோய் நிறுத்தி, ஒரு செடி விடாமல் காய் பறிக்கத் தொடங்கினார். கல் வந்தால் நின்றார். குருவி வந்தால் குனிந்தார். குளவிக்கு அசையாமல் இருந்தார். குளவிக் கொட்டு என்னவென்று அவருக்குத் தெரியும். முதல் தட்டு முடிந்தது. இரண்டாவதும் முடிந்தது. மூன்றாவதில் ஏறியபோது வரிசையே நெருங்கி வந்துவிட்டது.

திரையின் மூலையில் ஒரு இலக்கம் தொண்ணூற்றொன்பதிலிருந்து இறங்கிக்கொண்டிருந்தது. பஞ்சவர்ணம் அதைக் கவனித்துக்கொண்டேதான் ஆடினார். "பாருங்க, வேலை கொறையுது" என்று எனக்குச் சொன்னார். மிச்சக் காய் எத்தனை என்று அது காட்டுவதாக நினைத்துவிட்டார். இருபது, பத்து, ஐந்து. முகத்தில் வெற்றிக் களை. பூச்சியம் வந்ததும் குட்டி மனிதன் நின்ற இடத்திலேயே குப்புற விழுந்தான்.

சிரிப்புக் கிளம்பியது. பஞ்சவர்ணம் கைப்பிடியை விடவில்லை.

"அவன யாரு தொட்டா?" என்று கேட்டார்.

"டைம் முடிஞ்சிச்சி தானே அக்கா" என்றார் மஹ்ரூப் முதலாளி, கல்லாவிலிருந்தபடியே.

"எந்த டைமு? கல்லு படல, குருவி கொத்தல, ஒரு தப்பும் பண்ணல. வேல செஞ்சுக்கிட்டு நின்னவன எதுக்கு முதலாளி சாகடிச்சீங்க?"

"நான் எங்க சாகடிச்ச? மெஷின் அப்பிடித்தான். எல்லாம் அதுல எழுதி ஈக்கிது."

எழுதியிருந்தது உண்மைதான். பெட்டியின் பக்கவாட்டில், சுவரோடு ஒட்டிய பக்கத்தில், ஆங்கிலத்தில், எறும்பு அளவு எழுத்தில். நேரம் முடிந்தால் ஆள் சாவான் என்று நான் குனிந்து வாசித்துச் சொன்னேன். பஞ்சவர்ணம் மேலே இருந்த அறிவித்தலைக் காட்டினார். "டேங்க் தாறோம்னு சொல்றதுக்கு மூணு பாஷ. சாகடிப்போம்னு சொல்றதுக்கு ஒரே பாஷ. அதையும் செவுத்துப் பக்கம் திருப்பி வச்சிருக்கீங்க."

"வெளாட்டு தானே அக்கா, இதுக்குப் போய் கோவப்படுறதா?"

"வெளாட்டுன்னா நீங்க ரிப்பன கட்டியிருக்கக்கூடாது. எங்களுக்குத் தண்ணி வெளாட்டு இல்ல." பிறகு குரலைத் தாழ்த்திக் கேட்டார், அவர் குரலைத் தாழ்த்தினால்தான் பயப்பட வேண்டும். "நீங்க சின்ன வயசுலேர்ந்து ஆடினதாச் சொன்னீங்களே. எத்தன தடவ அந்த மணிய அடிச்சிருக்கீங்க?"

முதலாளி பில் புத்தகத்தைப் புரட்டினார். கெட்ட மனிதர் அல்ல. பொய் சொல்ல வரவில்லை. "நான் நாலாந் தட்டுக்கு மேல போனதில்ல" என்றார். "ரெண்டு வருஷம் ஆடினேன். அங்க ஒருத்தனும் அடிச்சத நான் காணல்ல."

"அப்ப இந்த டேங்க் யாருக்கு?"

எனக்கு முகம் சூடேறியது. காலையிலிருந்து அங்கே நின்று சிரித்த எங்கள் யாருக்கும் இந்தக் கேள்வி தோன்றவில்லையே என்ற வெட்கம். தோன்றாது என்று நம்பி ரிப்பன் கட்டியிருக்கிறார்களே என்ற கோபம். இப்போது எழுதும்போதும் அந்தக் கோபம் தணியவில்லை. எனக்குப் பின்னால் நின்ற ஓய்வுபெற்ற சிங்கள மாஸ்டர் ஒருவர், "ஏக்க எத்த" என்றார், அது உண்மைதான் என்று. பஞ்சவர்ணம் திரும்பி அதே கேள்வியைச் சிங்களத்தில் எல்லோருக்கும் சொன்னார். அவருடைய சிங்களத்துக்குத் தமிழைவிடக் காரம் அதிகம். வரிசை முணுமுணுத்தது. ஒருவர் வாங்கிய பெயின்ட் டின்னைத் திருப்பி மேசையில் வைத்தார்.

"நீங்க வந்து ஆடுங்க முதலாளி" என்றார் பஞ்சவர்ணம். "அடிச்சிட்டீங்கன்னா நான் வாய மூடிக்கிட்டுப் போறேன்."

முதலாளி வந்தார். தொப்பியைச் சரிசெய்துகொண்டு ஆடினார். இரண்டாம் தட்டில் கல் பட்டு விழுந்தார். யாரும் சிரிக்கவில்லை. முதலாளியே கையை நீட்டி பிளக்கைக் கழற்றினார். "சரி, சீட்டுக் குலுக்குவோம்" என்றார். "இண்டைக்கி வந்த எல்லார்ட பேரையும் போடுவோம். யாருக்கு விழுதோ அவங்களுக்கு டேங்க்."

பில் புத்தகத்தின் தாள்கள் கிழிந்தன. அவரவர் பெயரை அவரவர் மொழியில் எழுதி, வெற்றுப் பெயின்ட் வாளி ஒன்றில் போட்டார்கள். முதலாளி வாளியைத் தூக்கிக் குலுக்கப் போனார்.

"இருங்க, எண்ணிட்டுக் குலுக்குங்க" என்றார் பஞ்சவர்ணம். "காலையிலேர்ந்து நான் எண்ணினது நாப்பத்திரெண்டு பேரு."

மேசையில் கொட்டி எண்ணினோம். நாற்பத்துமூன்று. இன்னொரு முறை எண்ணினோம். நாற்பத்துமூன்று. "யாரோ ரெண்டு போட்டுட்டாங்க" என்று பஞ்சவர்ணம் எல்லோரையும் ஒரு பார்வை பார்த்தார். ஒவ்வொன்றாகப் பிரித்து வாசிக்கச் சொன்னார். தமிழை நான் வாசித்தேன். அவருடைய சீட்டும் அதில் இருந்தது. சிங்களத்தை மாஸ்டர் வாசித்தார். கடைசிக்கு முந்தின சீட்டைப் பிரித்ததும் வாசிக்காமல் மூக்குக்கண்ணாடியைத் துடைத்தார்.

"கியன்ன மஹத்தயா" என்றார் பஞ்சவர்ணம், சொல்லுங்கள் என்று.

"பஞ்சவர்ணம்" என்று வாசித்தார் மாஸ்டர். பிறகு தலையைக் குனிந்துகொண்டு, "மம தமய். பவ் நே" என்றார். எழுதியது அவர்தான், பாவம் தானே என்று.

பஞ்சவர்ணத்தின் முகம் சிவந்தது. முதலாளியிடம் காட்டாத கோபத்தை அப்போதுதான் பார்த்தேன். "மட்ட பவ் கியன்ன எப்பா, மஹத்தயா." என்னைப் பாவம் பார்க்க வேண்டாம் என்று. கையை நீட்டினார். மாஸ்டர் சீட்டைக் கொடுத்தார். பஞ்சவர்ணம் ஒரு தரம், ஒரே ஒரு தரம், டேங்கைத் திரும்பிப் பார்த்தார்.

"இப்பக் குலுக்குங்க முதலாளி" என்று சொல்லிக்கொண்டே, கொழுந்து கிள்ளுகிற அதே இரண்டு விரலாலும் பெருவிரலாலும் அந்தத் தாளைக் கிள்ளிக் கிள்ளிக் கிழித்து, கை பழகிய பழக்கத்தில் தோளுக்கு மேலாகப் பின்னால் எறிந்தார். முதுகில் கூடை இல்லை. துண்டுகள் என் சட்டையில் விழுந்தன.