மச்சச் சட்டியில் வெந்த சோயா

எனக்கு லீக்ஸ் பிடிக்காது. கோவா, அதுதான் முட்டைக்கோஸ், பிடிக்காது. பீட்ரூட்டைக் கண்டாலே குமட்டும். ஒரு மரக்கறி வியாபாரி இப்படிச் சொல்லலாமா என்று கேட்பீர்கள். மரக்கறி வியாபாரிதான் சொல்ல வேண்டும். விடிவதற்கு முன்னாலிருந்து கந்தப்பளைச் சந்தையில் மூட்டைகளோடு மூட்டையாகக் கிடப்பவன் நான். மழை நாளில் கோவா மூட்டைக்கு அடியில் கையை விட்டுப் பாருங்கள். அழுகின இலை கூழாகி விரலில் ஒட்டும். எத்தனை தரம் சவர்க்காரம் போட்டாலும் அந்த நாற்றம் நகக்கண்ணை விட்டுப் போகாது. அதே கையால் இரவில் கோவாப் பொரியலைப் பிசைந்து தின்னச் சொன்னால் எவனுக்கு இறங்கும்?

நான் தேயிலைத் தோட்டத்து லயத்தில் பிறந்தவன். நாலாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டுவிட்டேன். இன்றைக்கும் எழுத்துக் கூட்டித்தான் படிப்பேன். ஆனால் மூட்டையைத் தூக்கிப் பார்த்தே எடை சொல்வேன். தராசு வேறு எடை காட்டினால் தராசில்தான் கோளாறு என்று சந்தையில் எல்லோருக்கும் தெரியும். முதுகில் சுமந்தேன், பிறகு வாடகை லொறியில் ஏற்றினேன், பிறகு சொந்த லொறி வாங்கினேன். தோட்டத்து ரோட்டில் எந்தத் திருப்பத்தில் நின்று பார்த்தாலும் என் மாடி வீடு தெரியும். சாப்பாட்டு மேசை தேக்கு. அதைத் தூக்கிக்கொண்டு வர ஆறு ஆள் பிடித்தது.

இவ்வளவும் எதற்காக? நல்ல கறி தின்பதற்காக. உண்மையைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை. லயத்தில் தீபாவளிக்கு ஓர் ஆட்டை வெட்டிப் பங்கு போடுவார்கள். எங்கள் பங்கில் எலும்பு பாதி, ஜவ்வு பாதி. சம்பாதித்தால் நினைத்த நாளெல்லாம் தீபாவளி என்று அன்றைக்கே முடிவு கட்டினேன். சம்பாதித்தேன், தின்றேன்.

அப்புறம் என் மகன் நானுஓயாப் பக்கம் மோட்டார் சைக்கிளோடு பள்ளத்தில் விழுந்து ஆஸ்பத்திரியில் நினைவில்லாமல் கிடந்தான். என் மனைவி அம்மன் கோயிலில் நின்று, பிள்ளை கண் திறந்தால் தன் உயிர் உள்ளவரைக்கும் தன் அடுப்பில் மச்சம் ஏறாது என்று வேண்டிக்கொண்டாள். கறி, மீன், கருவாடு, முட்டை ஒன்றும் கிடையாது. அவன் கண் திறந்தான். எனக்குச் சந்தோஷம்தான், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் என்னிடம் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் ஒரு வருஷம் என்று பேசி முடித்திருப்பேன். அவளுக்குப் பேரம் பேசத் தெரியாது.

அன்றிலிருந்து என் தேக்கு மேசைக்கு என்ன வந்தது? சோறு, பருப்பு, கோவா. சோறு, பருப்பு, போஞ்சி. சந்தையில் விலை போகாமல் மிஞ்சியதெல்லாம் என் தட்டில். பகலில் வியாபாரிகள் வேண்டாம் என்று தள்ளியதை இரவில் நான் தின்ன வேண்டும். நான் தட்டைத் தள்ளுவேன், பருப்பைப் பார்த்து ஏதாவது சொல்வேன். மகன் புத்திசாலி. ஹட்டனில் வேலை முடிந்து அங்கேயே கோழிக் கொத்து ரொட்டி தின்றுவிட்டு வந்து, பசியில்லை என்பான். ஒரு நாள் மனைவி அவன் கையைப் பிடித்து மோந்து பார்த்தாள். பிறகு என்னையும் பார்த்தாள். நானும் அன்றைக்கு நுவரெலியாவில் ஆட்டுக்கறி தின்றுவிட்டுத்தான் வந்திருந்தேன்.

"எல்லாரும் வெளியில தின்னுட்டு வந்து எனக்காக இங்க கை நனைக்கிறீங்க" என்றாள். "வேணாங்க. இந்த அடுப்புல நீங்க மச்சம் ஆக்கிக்குங்க. நான் பின்னாடி மூட்டை ஷெட்டுல ஒரு அடுப்பு வச்சு என் கஞ்சிய நானே காச்சிக் குடிச்சுக்கிறேன். மாசக் கடைசி வரைக்கும் பாப்பேன், அப்பவும் இப்படியே இருந்தா போயிருவேன்."

சத்தம் போட்டுச் சொல்லியிருந்தால் விட்டிருப்பேன். மெதுவாகச் சொன்னாள். அவள் மெதுவாகச் சொன்னது எதுவும் நடக்காமல் இருந்ததில்லை.

மருமகள்தான் பயந்தாள். ஹட்டன்காரி, படித்தவள். "அத்த, ராத்திரிச் சமையல என்கிட்ட விடுங்க. தினம் ஒரு தினுசா செய்றேன். யாரு வெளியில திங்கிறாங்கன்னு பாப்போம்" என்றாள்.

அங்கே பிடித்தது எனக்குச் சனி. போனைப் பார்த்துப் பார்த்துச் சமைத்தாள். பீட்ரூட்டை அரைத்து மாவில் போட்டு ரொட்டி சுட்டாள். அடிபட்ட காயம் மாதிரி ஒரு நிறம். "இது சாப்பாடா, சாயமா?" என்றான் மகன். இன்னொரு நாள் கோவா இலைக்குள் சோற்றைச் சுருட்டி அவித்து வைத்தாள். பிரித்தால் ஆவியோடு அதே மூட்டை நாற்றம். காளானில் ஒரு குழம்பு வைத்தாள். நத்தையை விழுங்குவது போலத் தொண்டையில் வழுக்கிக்கொண்டு இறங்கியது.

"மாமா, எப்படி இருக்கு?" என்று ஒவ்வொரு நாளும் கேட்பாள்.

"நாளைக்கு மாட்டுக்குப் போட்டுப் பாரு, அது சொல்லும்" என்பேன்.

மனைவி காலண்டரைப் பார்ப்பாள். மாதம் முடிந்துகொண்டிருந்தது.

ஒரு மாலை வாசலிலேயே என் கால் நின்றுவிட்டது. இஞ்சி, பூண்டு, பட்டை, கறித்தூள், தேங்காய்ப்பால். அச்சு அசல் தீபாவளி மணம். கையைக் கூடக் கழுவாமல் மேசைக்கு ஓடினேன் என்றால் பாருங்கள். செந்நிறமாகக் குழம்பு, அதில் துண்டு துண்டாகக் கறி. ஒன்றை எடுத்துக் கடித்தேன். நனைந்த ரப்பர் செருப்பு! பல்லில் கிறீச்சென்றது, உள்ளேயிருந்து மசாலாத் தண்ணீர் பீய்ச்சியது. சோயா மீட்டாம். கறி என்று நம்ப வைத்துக் கழுத்தறுப்பதற்கென்றே ஒருவன் தொழிற்சாலை வைத்திருக்கிறான். துப்பவும் முடியாமல் விழுங்கவும் முடியாமல் உட்கார்ந்திருந்தேன்.

ஆனால் மகன் தட்டை வழித்துத் தின்றான். அதைவிட அதிசயம், என் மனைவியும் தின்றாள். நேர்த்தி வைத்த நாளிலிருந்து அவள் அப்படித் தின்று நான் பார்த்ததில்லை. "இன்னும் இருக்கா புள்ள?" என்று கேட்டு, மருமகள் எழுவதற்குள் தானே அடுப்படிக்குப் போனாள். போனவள் திரும்பவில்லை, குரல்தான் வந்தது.

"இந்தச் சட்டிய யாரு எறக்குனா?"

எங்கள் வீடுகளில் மச்சம் ஆக்க ஒரு சட்டி தனியாக இருக்கும். அதில் சோறு ஆக்கமாட்டார்கள், மற்றப் பாத்திரங்களோடு சேர்க்கவும் மாட்டார்கள். எங்கள் மச்சச் சட்டியை நேர்த்திக்குப் பிறகு நான்தான் பரண் மேல் கவிழ்த்து வைத்திருந்தேன். அதில்தான் சோயா கொதித்துக்கொண்டிருந்தது.

"நாந்தான் அத்த" என்றாள் மருமகள். "பாக்க கறி மாதிரியே இருந்துச்சா, ஒங்க சட்டியில போட மனசு வரல. ஒங்க பாத்திரம் சுத்தமா இருக்கட்டும்னுதான்..."

"கறி இல்லைன்னா கறிச்சட்டி எதுக்கு?"

மருமகள் ஓடிப்போய் அடுப்பை அணைத்தாள். சாமிக்குக் கொடுத்த அடுப்பில் மச்சச் சட்டி ஏறிவிட்டது. மனைவி கொல்லைக்குப் போய் வாந்தி எடுத்தாள். மஞ்சள் தண்ணீரில் வாய் கொப்பளித்தாள். சின்ன காஸ் அடுப்பைத் தூக்கிக்கொண்டு ஷெட்டுக்குப் போய்விட்டாள்.

மறுநாள் மேசையில் நாங்கள் மூன்று பேர். ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. நான் எழுந்து ஷெட்டுக்குப் போனேன். கழிவுக் கோவா குவியலுக்குப் பக்கத்தில், ஈ மொய்க்க, ஒரு பலகை மேல் உட்கார்ந்து ரொட்டி சுட்டுக்கொண்டிருந்தாள். டைல்ஸ் போட்ட வீட்டுக்காரி, அழுகல் தண்ணீரில் காலை வைத்துக்கொண்டு!

"எந்திரி. ஊரு பாத்தா என்ன சொல்லும்? சோயா மச்சமில்ல, மாவு" என்றேன்.

"மாவுதான்னு எனக்கும் தெரியும்" என்றாள். "கறின்னு நெனச்சுத்தானங்க எல்லாரும் ஆசையா தின்னீங்க? நானும் அப்படி நெனச்சுத்தான் தின்னேன். இன்னும் வேணும்னு கேட்டேனே. புள்ள உயிருக்குக் குடுத்த வாக்குங்க அது."

சந்தையில் எவன் வாயையும் அடைக்கிறவன் நான். அங்கே ஈக்களை விரட்டிக்கொண்டு நின்றேன்.

பின்னால் செருப்புச் சத்தம் கேட்டது. மருமகள் தட்டோடு வந்து வெங்காய மூட்டை மேல் உட்கார்ந்தாள். மகனும் வந்து மாமியார் மருமகளுக்கு நடுவில் குந்தி, அம்மா சுட்ட ரொட்டியைப் பிய்த்தான். "பருப்ப இங்கிட்டுத் தள்ளுங்கம்மா" என்றான். நானும் உட்கார்ந்தேன். வேறென்ன செய்ய? ஒவ்வொரு வாய்க்கும் மூச்சை அடக்கிக்கொண்டு விழுங்கினேன்.

அந்த வாரம் முழுக்க அங்கேதான் சாப்பாடு. மகன் கொத்து ரொட்டிக் கடைப் பக்கம் போகவில்லை. பெரிய மழை பெய்து கோவாத் தண்ணீர் கணுக்கால் வரை வந்த நாளில், "உள்ள வர்றதுக்கு என்ன வேணும், சொல்லு" என்று நானே கேட்டேன்.

மச்சச் சட்டி வீட்டில் இருக்கக் கூடாது என்றாள். லொறி டிரைவருக்குக் கொடுத்தேன்; நல்ல கனமான சட்டி, வயிறு எரிந்தது. கறி மாதிரி எதையும் ஆக்கக் கூடாது என்றாள். மருமகள் காதைப் பிடித்துக்கொண்டாள். கடைசியாக என்னைப் பார்த்து, "நீங்க சாப்பாட்டப் பத்தி மேசையில வாயத் தொறக்கக் கூடாது" என்றாள். அடுப்படியை மஞ்சள் தண்ணீர் விட்டுக் கழுவி, புதுப் பானையில் பால் பொங்கிய பிறகுதான் உள்ளே அடி வைத்தாள்.

மருமகள் இன்னும் அடங்கவில்லை. நேற்று நோக்கோல் காயைத் துருவி, தயிர் ஊற்றி, பச்சையாகவே வைத்தாள். மாட்டுத் தொழுவத்துப் பக்கம் வாயைத் திறந்துகொண்டு நடந்த மாதிரி இருந்தது. நான் வாயைத் திறக்கவில்லை. மனைவி எதிரே உட்கார்ந்து என்னையே பார்த்தாள்.

"வாயத்தான் தொறக்கக் கூடாதுன்னேன், மூஞ்சி பேசுதே" என்று சொல்லிச் சிரித்தாள். பிறகு தன் தட்டைப் பிசைந்து தின்ன ஆரம்பித்தாள். பதில் சொல்ல எனக்கு அனுமதி இல்லை. வாயில் இருந்ததை மென்றுகொண்டிருந்தேன்.