உம் கொட்டாத வகுப்பு

கல்லூரியின் தகவல் கையேட்டில், பதினேழாம் பக்கத்தில், ஆங்கில ஆசிரியையான அவரைப் பற்றி இப்படி அச்சிட்டிருந்தார்கள்: “வெளிநாட்டவருடன் ஆறாண்டு பழகிய பன்னாட்டு அனுபவம். மடைதிறந்த வெள்ளமெனப் பொழியும் ஆங்கிலம். கேட்போரைக் கட்டிப்போடும் மேடை ஆளுமை.”

இதில் ஆறு என்ற எண் மட்டும் சரி. துணி துவைக்கும் இயந்திரம் விற்கிற ஒரு நிறுவனத்தின் புகார்ப் பிரிவில், காதில் ஹெட்போனோடு ஆறு வருஷம் உட்கார்ந்திருந்தார். வெளிநாட்டவர் திட்டுவார்கள், இவர் மன்னிப்புக் கேட்பார்; பழக்கம் அவ்வளவுதான். மேடையில் ஏறியது ஒரே ஒரு முறை, மைக் வேலை செய்கிறதா என்று பார்க்க.

புகார்ப் பிரிவு வேலை போன கதை சிறியது. ஒருநாள் தொலைபேசியில் ஒரு மனிதர் பேசினார். இயந்திரம் ஒழுகுகிறது, தரைவிரிப்பு நாசம், புது இயந்திரம் வேண்டும், புது விரிப்பு வேண்டும், மேலாளர் கைப்பட மன்னிப்புக் கடிதம் எழுத வேண்டும் என்று அடுக்கிக்கொண்டே போனார். இவர் ஒவ்வொன்றுக்கும் “யெஸ்” என்றார். தமிழ்க் காது அப்படித்தான் வேலை செய்யும். யாராவது பேசினால் உம் கொட்ட வேண்டும், கொட்டாவிட்டால் பேசுகிறவர் நிறுத்திவிட்டு “இருக்கியா?” என்று கேட்பார். உம் என்றால் காது இங்கேதான் இருக்கிறது என்று பொருள். சம்மதம் என்று பொருளில்லை. ஆனால் அந்த மனிதர் உம்மைக் கேட்கவில்லை, யெஸ்ஸைக் கேட்டார். ஒலிப்பதிவைப் போட்டுப் பார்த்ததில் ஐந்து யெஸ் தேறியது. அவருக்குப் புது இயந்திரமும் விரிப்பும் கடிதமும் போய்ச் சேர்ந்தன. இவர் வீடு போய்ச் சேர்ந்தார்.

கணவர் லிஃப்ட் மெக்கானிக். “விடும்மா,” என்றார். “லிஃப்டுல ஏறுறவங்ககூட பட்டனை அஞ்சு தடவ அழுத்துறாங்க. அதுக்காக அஞ்சு தடவயா வருது?”

முப்பத்தெட்டு வயதில், வேலை நீக்கக் குறிப்போடு, கிடைத்த ஒரே இடம் இந்தக் கல்லூரி. ஒரு வருஷ ஒப்பந்தம். ‘செயல்முறை ஆங்கில உரையாடல்’ என்பது பாடம். பழைய விடைத்தாள்கள் அடுக்கியிருந்த அறையைக் காலி செய்து கொடுத்தார்கள். அவர் நடுவில் ஓர் இரும்பு பீரோவைத் தடுப்பாக நிறுத்தி, இந்தப் பக்கம் ஒரு தொலைபேசி, அந்தப் பக்கம் ஒரு தொலைபேசி வைத்தார். ஒருவர் வேகமாக, சொற்களை மென்று விழுங்கி, ஆங்கிலத்தில் ஒரு முகவரியையோ உடைந்த சாமான் பட்டியலையோ படிக்க வேண்டும். மற்றவர் தப்பில்லாமல் எழுதிக்கொள்ள வேண்டும். மேலே மின்விசிறி கடகடவென்று ஓடும்; அதை வேண்டுமென்றே பழுது பார்க்காமல் விட்டிருந்தார். புரியாமல் ‘யெஸ்’ சொன்னால் பலகையில் ஒரு பெருக்கல் குறி. புரியவில்லை, மறுபடி சொல்லுங்கள் என்று கேட்டால் குறி கிடையாது. மாணவர்கள் அவருக்கு ‘ரிப்பீட் மிஸ்’ என்று பெயர் வைத்தார்கள்.

அதிகக் குறி வாங்கியவன் ‘ரேடியோ’. வாயைத் திறந்தால் நிறுத்தத் தெரியாதவன்.

“மிஸ், புரியலன்னு சொன்னா நம்மள மட்டமா நெனைப்பாங்க.”

“புரியாமலே யெஸ் சொன்னா?”

“அது அப்புறமாத்தானே மிஸ் தெரியும்.”

“அவனுக்குக் காது கெடையாது மிஸ்,” என்றாள் பின்வரிசைப் பெண் ஒருத்தி. “வெறும் ஸ்பீக்கர்தான்.”

முதல்வருக்கு ரேடியோவைப் பிடிக்கும். வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்பது அவருடைய கல்விக் கொள்கையின் முழு வடிவம். ஒரு சரக்குப் போக்குவரத்து நிறுவனம் ஆள் எடுக்க வரப்போவதாகக் கடிதம் வந்ததும் ரிப்பீட் மிஸ்ஸைக் கூப்பிட்டார். மிஸ்ஸின் ஒப்பந்தம் முடிவதும் அதே மாதம்தான்.

“இன்னும் பத்து நாள் இருக்கு. இந்த டெலிபோன் விளையாட்டை நிறுத்துங்க. ஆளுக்கு ரெண்டு நிமிஷப் பேச்சு, மனப்பாடம். வர்றவங்க அசந்துபோகணும்.”

“சரி சார்.”

“அவங்க முன்னாடி ஒருத்தன் புரியலன்னு சொன்னாலும், அடுத்த வருஷம் உங்க நாற்காலியில வேற ஆள். தெரியுதா?”

“சரி சார்.”

வீட்டில் கணவர் கேட்டார்: “அப்போ நிறுத்தப் போறியா?”

“இல்லங்க.”

“சரின்னு சொல்லிட்டு வந்திருக்கியே?”

“காதுல விழுந்துச்சுன்னு சொன்னேன்.”

“நான் ஏதாவது சொல்லும்போது நீ சொல்ற சரி?”

“அதுவும் அதேதான்.”

அவர் தன் கருவிப் பையைத் துடைக்கப் போய்விட்டார்.

ஆக, மாணவர்களுக்கு உம் கொட்டாதே என்று சொல்லிக்கொடுத்தவர், முதல்வரிடம் இரண்டு முறை உம் கொட்டிவிட்டு, மறுநாளும் மின்விசிறியைப் போட்டுவிட்டுத் தொலைபேசியை எடுத்துக் கொடுத்தார். ரேடியோ மட்டும் முதல்வர் அறைக்குப் போய் இரண்டு நிமிஷப் பேச்சைத் தயார் செய்துகொண்டான்.

நிறுவனத்திலிருந்து ஓர் அம்மாள் தனியாக வந்தார். மேடை போட்டிருந்ததை எட்டிப் பார்த்துவிட்டு, “எங்க வேலை முழுக்க போன்லதான்,” என்றார். முதல்வர் அறையில் உட்கார்ந்து, மேசைத் தொலைபேசியிலிருந்து பீரோ அறைக்கு ஒவ்வொருவராக அழைத்தார். தன்னைப் பற்றி இரண்டு வார்த்தை சொல்லச் சொல்வார். பிறகு ஒரு சரக்கு விவரத்தை மடமடவென்று படிப்பார்.

முதலில் பேசிய பெண் மூன்று தடவை மறுபடி சொல்லச் சொன்னாள். முதல்வர் பக்கத்தில் உட்கார்ந்து ஸ்பீக்கரில் கேட்டுக்கொண்டிருந்தார். அடுத்தவனும் புரியவில்லை என்றான். அதற்கடுத்தவளும். ஏழாவது ஆளுக்குள் அவர் டீ ஆறிப்போயிருந்தது.

கடைசியாக ரேடியோ முறை வந்தபோது முதல்வர் நிமிர்ந்து உட்கார்ந்தார். பேச்சு, குழாயைத் திறந்த மாதிரி வந்தது. அந்த அம்மாள் முழுவதும் கேட்டுவிட்டுச் சரக்கு விவரத்தைப் படித்தார். “யெஸ் மேடம், யெஸ் மேடம்,” என்றான். அந்த அம்மாள் கொஞ்சம் சந்தேகப்பட்டு, குரலை மாற்றாமல், அப்படியானால் உன் பெயரை அடித்துவிட்டு வேறொருவரைச் சேர்த்துக்கொள்ளட்டுமா என்று ஆங்கிலத்திலேயே கேட்டார்.

“யெஸ் மேடம். தாங்க் யூ மேடம்.”

அவர் அடித்துவிட்டார்.

பீரோவுக்கு இந்தப் பக்கம் நின்ற ரிப்பீட் மிஸ்ஸுக்கு அவன் பேசியது மட்டும்தான் கேட்டது. ரேடியோ மலர்ந்த முகத்தோடு வந்தான். “ரொம்ப நல்ல மேடம், மிஸ். நான் எதுக்குமே மறுத்துப் பேசல.”

“பதினோரு யெஸ் சொன்னே. கடைசி யெஸ்ஸுக்கு என்ன கேட்டாங்க?”

“அது... ஏதோ கேட்டாங்க மிஸ்.”

“போனை எடு. கேளு.”

“இப்பவா மிஸ்? அசிங்கமா இருக்கும்.”

“இருக்கும். எடு.”

எடுத்தான். யெஸ் சொன்னேன், ஆனால் புரியவில்லை, தயவுசெய்து திரும்பக் கேளுங்கள் என்றான். அந்த அம்மாள் நிதானமாகத் திரும்பக் கேட்டார். ரேடியோ நாற்காலியில் உட்கார்ந்தான். அந்த அறையில் அவன் பேசாமல் இருந்தது அதுவே முதல் தடவை. பிறகு, வேண்டாம் மேடம், அடிக்காதீர்கள் என்றான். இந்தப் பட்டியல் முடிந்தது, கேட்டதால் சொல்கிறேன், மூன்று மாதம் கழித்து வா என்று பதில் வந்தது.

இருபத்து மூன்று பேரில் ஒன்பது பேருக்கு வேலை கிடைத்தது; ஒன்பது பேரும் மறுபடி சொல்லச் சொல்லிக் கேட்டவர்கள். முந்தைய வருஷம் இரண்டு பேர். முதல்வருக்குக் கோபப்படுவதா, பெருமைப்படுவதா என்று தெரியவில்லை. இரண்டையும் கொஞ்சம் கொஞ்சம் செய்து பார்த்தார்.

“பதினாலு பேர் புரியலன்னு சொன்னாங்க. என் காதால கேட்டேன்.”

“ஆமா சார்.”

“நீங்க சரின்னு சொன்னீங்களேம்மா.”

“கேட்டுக்கிட்டிருந்தேன் சார்.”

முதல்வர் இதை எந்த வகையில் சேர்ப்பது என்று தெரியாமல் ஒப்பந்தத் தாளைத் தன் பக்கம் இழுத்தார். “சரி, கையெழுத்துப் போடறேன். ஆனா அடுத்த வருஷம் மேடைப் பேச்சும் நீங்கதான் நடத்தணும்.”

‘சரி சார்’ நாக்கு நுனி வரை வந்தது. “எனக்கு அது வராது சார்,” என்றார்.

தன் அறையில் அப்படி ஒருவர் சொல்லி முதல்வர் கேட்டதில்லை. பேனாவைத் திறந்து வைத்திருந்ததால் கையெழுத்துப் போட்டார்.

அதன் பிறகு ரிப்பீட் மிஸ் அங்கே ஏழு வருஷம் வேலை பார்த்தார். ஒருவரையும் மேடையில் பேசவைக்கவில்லை. ஏறத்தாழ இருநூறு பேருக்கு, தொலைபேசியில் ஒருவர் ஆங்கிலத்தில் சொன்னது புரியாதபோது புரியவில்லை என்று சொல்லவும், புரிந்ததைத் திருப்பிச் சொல்லிச் சரிபார்க்கவும் கற்றுக்கொடுத்தார்.